சுவர்ப் பெட்டிக்குள் ஒயர் அடங்கவில்லையா? அறிகுறி வாரியாக ஒரு வழிமுறை

அமெரிக்காவில் வீடு வாங்கும் நம் ஆட்கள் பலரும் முதலில் கை வைப்பது ஸ்விட்சில்தான். பழைய ஸ்விட்சைக் கழற்றி ஸ்மார்ட் ஸ்விட்ச் மாட்டுவார்கள். குளியலறையில் ஜி.எஃப்.சி.ஐ. (மின்கசிவு ஏற்பட்டால் தானே துண்டிக்கும்) அவுட்லெட், படுக்கையறையில் வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மர் என்று அப்படியே தொடரும். கோளாறும் அங்கேதான் ஆரம்பிக்கும். நண்பர்கள் வீடுகளில் இதைத் திரும்பத் திரும்பச் சரிசெய்ததில் ஒன்று தெளிவாகத் தெரிந்தது. "புது ஸ்விட்ச் சரியில்லை" என்று கூப்பிடும் இடங்களில் பெரும்பாலும் ஸ்விட்ச் நன்றாகவே இருக்கும். ஸ்விட்சுக்குப் பின்னால் சுவருக்குள் இருக்கும் பெட்டி சின்னது, ஒயர் அதிகம், அதைத் திணித்திருப்பார்கள். அந்தத் திணிப்பு வெளியே காட்டும் அறிகுறிதான் இடத்துக்கு இடம் மாறும்.

கீழே உள்ள எண்கள் அமெரிக்காவின் தேசிய மின் விதித்தொகுப்பு (என்.இ.சி.) பிரிவு 314.16-ஐச் சார்ந்தவை. அது மூன்று ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கப்படுகிறது. எந்தப் பதிப்பு நடைமுறையில் இருக்கிறது என்பது மாநிலத்துக்கு மாநிலம் மாறும். உங்கள் ஊர் கட்டட அனுமதி அலுவலகத்தில் கேட்டால் சொல்வார்கள்.

பெட்டியைத் திறக்கும் முன்

பிரேக்கரை அணையுங்கள். டெஸ்டர் பேனாவை முதலில் மின்சாரம் ஓடும் இடத்தில் வைத்து அது வேலை செய்கிறதா என்று பாருங்கள். பிறகு இந்தப் பெட்டியில் வையுங்கள். பிறகு மறுபடியும் மின்சாரம் இருக்கும் இடத்தில் வைத்துப் பாருங்கள். இரண்டு மூன்று ஸ்விட்ச் சேர்ந்த பெட்டியாக இருந்தால் எல்லா ஒயரையும் தனித்தனியாகச் சோதியுங்கள். ஒரே பெட்டிக்குள் இரண்டு பிரேக்கரின் ஒயர்கள் வருவது சகஜம்.

ஊரில் ஒயரிங் வேலை பழகியவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். அங்கே கறுப்பு நியூட்ரல். சிவப்பு, மஞ்சள், நீலம் ஃபேஸ். இங்கே கறுப்புதான் ஃபேஸ், வெள்ளை நியூட்ரல், உறையில்லாத செம்பு அல்லது பச்சை கிரவுண்ட். கை பழக்கத்தில் கறுப்பை நியூட்ரல் என்று தொட்டுவிடக் கூடாது. வெள்ளையையும் அப்படியே நம்பிவிட முடியாது. பழைய வீடுகளில் ஸ்விட்சுக்கு மட்டும் இறக்கிய கேபிளில் வெள்ளை ஒயரே ஃபேஸைச் சுமந்திருக்கும். நிறத்தைப் பார்த்து முடிவு செய்யாமல் டெஸ்டரைப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

## அறிகுறி 1: ஸ்விட்ச் உள்ளே போகவில்லை, அல்லது மேல்தட்டு சுவரோடு ஒட்டவில்லை

முதலில் பார்க்க வேண்டியது: மடிப்பு. இதற்குக் காசு செலவில்லை. ஸ்விட்சை வெளியே இழுத்து எல்லா ஒயரையும் நேராக்குங்கள். கிரவுண்ட் ஒயர்களின் இணைப்பை முதலில் பெட்டியின் பின்மூலையில் வையுங்கள். அடுத்து வெள்ளைகளின் இணைப்பை இன்னொரு மூலையில் வையுங்கள். ஸ்விட்சுக்குப் போகும் ஒயர்களைக் கடைசியாகப் புடவைக் கொசுவம் போல முன்னும் பின்னுமாக மடித்து உள்ளே தள்ளுங்கள். சுருட்டி உருண்டையாக்கினால் இரண்டு மடங்கு இடத்தை அடைக்கும். கையால் தள்ளி ஸ்விட்ச் சுவர் மட்டத்துக்கு வர வேண்டும். வராவிட்டால் திருகாணியை முறுக்கி இழுத்து உட்கார வைக்காதீர்கள். அப்போதுதான் ஒயர் நசுங்குகிறது.

அடுத்தது: பெட்டியின் மட்டம். ஸ்விட்சைக் கழற்றிவிட்டு ஒரு ஸ்கேலைச் சுவரின் குறுக்கே வையுங்கள். பெட்டி சுவரை விட்டு வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் தட்டு ஒருபோதும் ஒட்டாது. ட்ரைவால் (ஜிப்சம் பலகை) சுவரில் பெட்டியின் விளிம்பு கால் அங்குலத்துக்கு மேல் உள்வாங்கியிருந்தால் நீட்டிப்பு வளையம் போட வேண்டும். மரப்பலகைச் சுவரில் கொஞ்சமும் உள்வாங்கியிருக்கக் கூடாது. சமையலறையில் பழைய சுவர் மேலேயே டைல் ஒட்டியிருந்தால் பெட்டி நிச்சயம் உள்வாங்கியிருக்கும். வளையம் சில டாலர்தான்.

மூன்றாவது: உண்மையிலேயே இடம் போதவில்லை. இதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது, எண்ணித்தான் ஆக வேண்டும். எண்ணும் முறை இது:

- வெளியிலிருந்து பெட்டிக்குள் வந்து முடியும் ஒவ்வொரு உறையிட்ட ஒயருக்கும் 1.
- நடுவில் வெட்டாமல் பெட்டி வழியாகக் கடந்து போகும் ஒயருக்கும் 1.
- கிரவுண்ட் ஒயர் நான்கு வரை எல்லாம் சேர்த்து 1. நான்குக்கு மேல் ஒவ்வொன்றுக்கும் கால். இந்தக் கால் கணக்கு 2020 பதிப்பில் வந்தது. அதற்கு முன் எத்தனை இருந்தாலும் 1 தான்.
- ஸ்விட்ச், அவுட்லெட், டிம்மர் ஒவ்வொன்றுக்கும் 2.
- பெட்டிக்குள்ளே கேபிளைப் பிடிக்கும் உலோகக் கிளாம்ப் இருந்தால், எத்தனை இருந்தாலும் மொத்தமாக 1.

பெட்டிக்குள்ளேயே தொடங்கி உள்ளேயே முடியும் சின்னத் துண்டு ஒயர்கள், ஒயர் நட்டுகள் (ஒயர் முனைகளைச் சேர்த்து முறுக்கி இணைக்கும் மூடிகள்), வெளியே திருகியிருக்கும் கனெக்டர் ஆகியவற்றுக்குக் கணக்கு கிடையாது. பிளாஸ்டிக் பெட்டியில் கேபிள் நுழையும் துளையில் இருக்கும் மெல்லிய நாக்கையும் பொதுவாகச் சேர்ப்பதில்லை.

இப்போது கூட்டுத்தொகையை ஒயரின் அளவுக்குரிய இடத்தால் பெருக்குங்கள். 14 கேஜுக்கு 2.00 கன அங்குலம், 12 கேஜுக்கு 2.25, 10 கேஜுக்கு 2.50. எண் குறையக் குறைய ஒயர் தடிமன். பொதுவாக 15 ஆம்பியர் பிரேக்கரில் 14 கேஜும் 20 ஆம்பியரில் 12 கேஜும் இருக்கும். அண்மைக்கால கேபிள்களில் வெளியுறை வெள்ளை என்றால் 14, மஞ்சள் என்றால் 12, ஆரஞ்சு என்றால் 10. பழைய கேபிளில் இந்த நிறக் கணக்கு செல்லாது. உறையில் அச்சிட்டிருப்பதைப் படியுங்கள். ஒரே பெட்டியில் இரண்டு கேஜ் கலந்திருந்தால் ஒவ்வொரு ஒயருக்கும் அதனதன் எண். கிளாம்புக்கும் கிரவுண்டுக்கும் அவற்றில் தடித்ததன் எண். ஸ்விட்சுக்கு அதில் மாட்டியிருக்கும் ஒயரின் எண்.

இனி பெட்டியின் கொள்ளளவு. பிளாஸ்டிக் பெட்டியின் உட்புறப் பின்சுவரில் டார்ச் அடித்துப் பாருங்கள், அச்சிட்டிருக்கும். பலர் ஏமாறுவது இந்த இடத்தில்தான். 18 கன அங்குலப் பெட்டியில் 14 கேஜுக்கு 9, 12 கேஜுக்கு 8 என்றும் சில சமயம் போட்டிருப்பார்கள். "எட்டு ஒயர் போகும்" என்று அதைப் படிக்கிறார்கள். அது எட்டு ஒயர் அல்ல, மேலே சொன்ன கணக்கில் எட்டு. அதில் ஸ்விட்ச் ஏற்கெனவே இரண்டை எடுத்துக்கொண்டுவிடும். கிரவுண்டுக்கு ஒன்று போகும். மிச்சம் ஐந்துதான்.

பழைய உலோகப் பெட்டியில் எண் இருக்காது. 3 அங்குல உயரம், 2 அங்குல அகலம் உள்ள ஒற்றைப் பெட்டி இரண்டரை அங்குல ஆழம் என்றால் 12.5 கன அங்குலம், இரண்டே முக்கால் என்றால் 14, மூன்றரை என்றால் 18. 4 அங்குலச் சதுரப் பெட்டி ஒன்றரை அங்குல ஆழத்தில் 21, இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் ஆழமான வகையில் 30.3.

குளியலறை ஜி.எஃப்.சி.ஐ. ஒன்றை எடுத்துக்கொள்வோம். 12 கேஜ் கேபிள் ஒன்று உள்ளே வருகிறது, ஒன்று அடுத்த அவுட்லெட்டுக்குப் போகிறது. ஒயர் 4, கிரவுண்ட் 1, அவுட்லெட் 2, மொத்தம் 7. 2.25-ஆல் பெருக்கினால் 15.75. 18 கன அங்குல பிளாஸ்டிக் பெட்டிக்குத் தாராளம். அதே வேலை பழைய 14 கன அங்குல உலோகப் பெட்டியில் என்றால் கிளாம்புக்கு 1 கூடி 8 ஆகும், தேவை 18 கன அங்குலம். எவ்வளவு அழகாக மடித்தாலும் அந்தப் பெட்டி விதிப்படி போதாது. சாதாரண அவுட்லெட் இருந்தபோதும் அது போதாமல்தான் இருந்தது. அந்த அவுட்லெட் மெலிந்த உடம்பாக இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இதன் மறுபக்கமும் உண்டு. ஸ்மார்ட் ஸ்விட்ச் எவ்வளவு பருமனாக இருந்தாலும் கணக்கில் அதே 2 தான். ஆகவே கணக்கு சரியாக வந்தும் உள்ளே இறுக்கமாக இருக்கலாம். கணக்கு சொல்வது குறைந்தபட்ச இடத்தை மட்டுமே.

கணக்கு சரி, ஆனாலும் இறுக்கம் என்றால்: பருமனான ஒயர் நட்டுகளை எடுத்துவிட்டுச் சிறிய நெம்புகோல் வகை இணைப்பிகளைப் போடுங்கள். வாங்குவதற்கு முன் அட்டையில் ஸ்விட்சின் ஆழத்தைப் பார்த்து மெலிந்த மாடலைத் தேர்ந்தெடுங்கள்.

கணக்கே தவறுகிறது என்றால் பெட்டியை மாற்றுவதைத் தவிர வழியில்லை. கேரேஜ், பேஸ்மென்ட் போன்ற இடங்களில் பெட்டி வெளியே தெரியும்படி இருக்கும். அங்கே அதன் மேல் கொள்ளளவு அச்சிட்ட நீட்டிப்புப் பெட்டி ஒன்றைத் திருகினால் இரண்டின் கொள்ளளவும் கூடிவிடும். அறைச் சுவரில் என்றால் ஆணியடித்த பழைய பெட்டிக்கும் மரச்சட்டத்துக்கும் நடுவே ரம்ப பிளேடைக் கேபிளில் படாமல் விட்டு ஆணியை அறுத்து, பெட்டியை எடுத்துவிட்டு, பக்கவாட்டுக் காதுகளால் ட்ரைவாலைப் பிடித்துக்கொள்ளும் மாற்றுப் பெட்டியைப் போடலாம். ஒற்றை அளவிலேயே 20-க்கு மேல் கன அங்குலம் உள்ளவை கிடைக்கின்றன. அதுவும் போதாவிட்டால் இரட்டைப் பெட்டி வைத்து, ஒரு பக்கம் ஸ்விட்சும் மறுபக்கம் வெற்று மூடியும் போட்டுவிடுங்கள். எனக்கு மிகவும் பிடித்த தீர்வு இது. பார்க்க அவ்வளவு எடுப்பாக இல்லை என்று வீட்டில் சொல்வார்கள். ஆனால் உள்ளே காற்றோட்டமாக, அடுத்த முறை திறப்பவருக்கு நிம்மதியாக இருக்கும்.

செய்யவே கூடாதவை: இடம் பிடிக்கிறது என்று ஒயரைக் கட்டையாக வெட்டுவது (பெட்டிக்குள் நுழையும் இடத்திலிருந்து 6 அங்குலமாவது இருக்க வேண்டும், வாயை விட்டு 3 அங்குலமாவது வெளியே வர வேண்டும்), கிரவுண்டைத் துண்டித்துவிடுவது, இணைப்பைப் பெட்டிக்கு வெளியே சுவருக்குள் தள்ளிவிடுவது. மூன்றையுமே நான் பெட்டிகளில் பார்த்திருக்கிறேன். மூன்றாவதுதான் வீட்டைக் கொளுத்தும்.

எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும் இடம்: ஒயரின் உறை துணியோ ரப்பரோ ஆக இருந்து மடிக்கும்போது உதிர்ந்தால் அத்தோடு நிறுத்துங்கள். ஒயர் வெள்ளி நிறத்தில் இருந்து, உறையில் அலுமினியம் என்பதற்கான எழுத்து தெரிந்தாலும் நிறுத்துங்கள். 1965 முதல் 1973 வரை கட்டிய வீடுகளில் அலுமினிய ஒயர் வாய்ப்பு அதிகம். சாதாரண ஒயர் நட்டால் அதைச் செம்போடு இணைக்கக் கூடாது. 1978-க்கு முந்தைய வீடு என்றால் சுவரை அறுக்கும் முன் பெயின்ட்டில் ஈயம் இருக்கிறதா என்று பாருங்கள்.

## அறிகுறி 2: ஸ்விட்சை உள்ளே தள்ளித் திருகியதும் பிரேக்கர் ட்ரிப் ஆகிறது

பிரேக்கரை அணைத்து, ஸ்விட்சை மறுபடி வெளியே இழுத்து, எதுவும் எதையும் தொடாதபடி விட்டு, எட்டி நின்று பிரேக்கரைப் போட்டுப் பாருங்கள். குழந்தைகள் பக்கத்தில் இருக்கக் கூடாது. ஒயர் எதையும் தொடாதீர்கள்.

வெளியே இருக்கும்போது நிற்கிறது, உள்ளே போனால் ட்ரிப் ஆகிறது என்றால் திணிப்புதான் காரணம். உறையில்லாத கிரவுண்ட் ஒயர் ஸ்விட்சின் பக்கவாட்டுத் திருகைத் தொடுகிறதா என்று முதலில் பாருங்கள், பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். கிரவுண்டைப் பின்னால் ஒதுக்கி, ஸ்விட்சின் இரண்டு பக்கத் திருகுகளையும் மறைத்து இன்சுலேஷன் டேப்பை ஒரு சுற்று சுற்றுங்கள். அடுத்து, பெட்டியின் விளிம்பிலோ திருகாணி முனையிலோ நசுங்கி உறை கிழிந்த ஒயரைத் தேடுங்கள். செம்பு தெரிந்தால் அந்த இடம் வரை வெட்டி, நீளம் போதவில்லையானால் துண்டு ஒயர் இணைத்து நீட்டுங்கள். கிழிசல் மேல் டேப் சுற்றி உள்ளே தள்ளிவிட்டால் அடுத்த முறை தள்ளும்போது மறுபடியும் அதே இடத்தில்தான் போகும்.

ஜி.எஃப்.சி.ஐ. அல்லது ஏ.எஃப்.சி.ஐ. (ஒயரில் தீப்பொறி பறந்தால் துண்டிக்கும்) பிரேக்கர் என்றால் வெள்ளை ஒயர் கிரவுண்டைத் தொட்டாலே ட்ரிப் ஆகலாம். ஃபேஸை மட்டும் பார்த்துவிட்டு "எல்லாம் சரியாகத்தானே இருக்கிறது" என்று தவிப்பவர்கள் வெள்ளையைப் பாருங்கள்.

வெளியே இருக்கும்போதே ட்ரிப் ஆகிறது என்றால் இடப் பிரச்சினை அல்ல. இணைப்பு மாறியிருக்கிறது. கழற்றும் முன் எடுத்த புகைப்படத்தோடு ஒப்பிடுங்கள். படம் எடுக்கவில்லை, மூன்றுக்கு மேல் கேபிள் என்றால் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள்.

## அறிகுறி 3: ஸ்விட்ச் வேலை செய்கிறது, ஆனால் வேறு அறையில் அவுட்லெட் போய்விட்டது

அந்த அவுட்லெட்டுக்கு இந்தப் பெட்டி வழியாகத்தான் மின்சாரம் போகிறது. தள்ளும்போது ஓர் இணைப்பு கழன்றுவிட்டது. ஒயர் நட்டுக்குள் இருக்கும் ஒயர்களை ஒவ்வொன்றாக இழுத்துப் பாருங்கள், ஒன்று கையோடு வந்துவிடும். ஒயர் நட்டு எத்தனை ஒயர் தாங்கும் என்று அதன் அட்டையில் இருக்கும். ஒன்று கூடினாலும் அடுத்த பெரிய அளவுக்குப் போங்கள்.

ஒயரைத் திருகில் மாட்டாமல் ஸ்விட்சின் பின்னால் உள்ள துளையில் குத்தியிருந்தால், அதைக் கழற்றித் திருகுக்கு மாற்றிவிடுங்கள். பிடிமானமில்லாத அந்தத் துளை இணைப்பு, பெட்டிக்குள் ஒருமுறை வளைத்தாலே தளரக்கூடும். பல்பு மினுக்குவது, ஸ்விட்சைத் தட்டினால் எரிவது எல்லாம் இதே கதைதான்.

எல்லா இணைப்பும் உறுதி, ஆனாலும் மின்சாரம் வரவில்லை என்றால் ஜி.எஃப்.சி.ஐ. ஏதாவது ட்ரிப் ஆகியிருக்கிறதா என்று வீடு முழுக்கப் பாருங்கள். கேரேஜில் ஒன்று மறைந்திருக்கும். அதுவும் இல்லையென்றால் எலக்ட்ரீஷியன்.

## அறிகுறி 4: மேல்தட்டு சூடாகிறது, வாடை வருகிறது

வாடை வந்தால், பழுப்புக் கறை தெரிந்தால், சொரசொரவென்று சத்தம் கேட்டால் பிரேக்கரை அணைத்துவிட்டு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். இதில் உங்கள் சோதனை எதுவும் வேண்டாம்.

வாடை இல்லை, வெதுவெதுப்பு மட்டும்தான் என்றால்: டிம்மர் கொஞ்சம் வெதுவெதுப்பாக இருப்பது இயல்பு. சாதாரண ஸ்விட்ச் சூடாகக் கூடாது. இரண்டு மூன்று டிம்மர்களை அடுத்தடுத்து வைக்கும்போது பக்கவாட்டுத் தகட்டை உடைத்துப் பொருத்தினால் ஒவ்வொன்றும் தாங்கும் வாட்ஸ் குறையும். எவ்வளவு என்பது டிம்மரோடு வந்த தாளில் இருக்கும், அந்த அளவுக்குள் பல்புகளைக் குறையுங்கள். அவுட்லெட் சூடானால் அதில் என்ன செருகியிருக்கிறது என்று பாருங்கள். 1500 வாட் ஹீட்டர் 120 வோல்ட்டில் 12.5 ஆம்பியர் இழுக்கும். தளர்ந்த இணைப்பு அந்தச் சுமையில்தான் சுடும். திருகுகளை அவுட்லெட்டில் குறித்திருக்கும் இறுக்கத்துக்கு முடுக்குங்கள். அதற்குப் பின்னும் சுட்டால் எலக்ட்ரீஷியன்.

## அறிகுறி 5: நியூட்ரலோ மூன்று வழி ஸ்விட்சோ சேர்த்தபின் இரட்டைப் பெட்டி நிரம்பி வழிகிறது

பெரும்பாலான ஸ்மார்ட் ஸ்விட்சுகளுக்கு நியூட்ரல் வேண்டும். ஸ்விட்ச் பெட்டிகளில் நியூட்ரல் இருக்க வேண்டும் என்பது 2011 பதிப்பில்தான் விதியானது. பழைய வீட்டில் அது இல்லாவிட்டால் கிரவுண்டை நியூட்ரலாகப் பயன்படுத்தும் யோசனையை யார் சொன்னாலும் கேட்காதீர்கள். நியூட்ரல் தேவைப்படாத மாடல் வாங்கலாம், அல்லது புதிய கேபிள் இழுக்கலாம். கேபிள் இழுத்தால் எண்ணிக்கை கூடும்.

32 கன அங்குலம் என்று அச்சிட்ட இரட்டைப் பெட்டி ஒன்று. 14 கேஜில் இரண்டு ஒயரும் கிரவுண்டும் உள்ள கேபிள் நான்கு: வரவு, அடுத்த அறை, விளக்கு, மின்விசிறி. ஒயர் 8, கிரவுண்ட் 1, ஸ்விட்ச் இரண்டுக்கு 4, ஆக 13. இரண்டால் பெருக்கினால் 26. சரி. இப்போது ஒரே விளக்கை இரண்டு இடத்திலிருந்து போட்டு அணைக்க (இதுதான் மூன்று வழி ஸ்விட்ச்) மாடிப்படியின் மறுமுனையிலிருந்து மூன்று ஒயர் கேபிள் ஒன்று கூடுகிறது. ஒயர் 11, கிரவுண்ட் ஐந்தாகிவிட்டதால் ஒன்றேகால், ஸ்விட்சுகள் 4, மொத்தம் 16.25, தேவை 32.5. அரை கன அங்குலத்தில் தவறுகிறது. 2017 பதிப்பை வைத்திருக்கும் ஊரில் இதே பெட்டி சரியாக 32-இல் தேறிவிடும். இப்படி விளிம்பில் வரும்போது பழைய பதிப்பைக் காட்டி வாதாடுவதை விட ஒரு கேபிளைத் திசை மாற்றுவது மேல். அடுத்த அறைக்குப் போகும் கேபிளை வேறொரு பெட்டியிலிருந்து எடுக்க முடியுமா என்று பாருங்கள். அட்டிக்கில் மூடியோடு ஒரு ஜங்ஷன் பெட்டி வைத்தும் பிரிக்கலாம். ஆனால் அந்தப் பெட்டி சுவரையோ கூரையையோ உடைக்காமல் எட்டக்கூடிய இடத்தில் இருக்க வேண்டும், ட்ரைவாலுக்குப் பின்னால் புதைக்கக் கூடாது.

## அறிகுறி 6: கூரை விளக்கின் கிண்ணம் கூரையோடு ஒட்டவில்லை

மேலே அரை அங்குல ஆழமுள்ள தட்டைப் பெட்டி இருக்கிறதா என்று பாருங்கள். 4 அங்குல விட்டத்தில் அது ஏறக்குறைய 6 கன அங்குலம்தான். இரண்டு ஒயர் 14 கேஜ் கேபிள் ஒன்று வந்து முடிந்தால் 2, கிரவுண்ட் 1, அதற்கே 6 ஆகிவிடும். குவிந்த கிண்ணமுள்ள விளக்கின் சொந்த ஒயர்கள், 14 கேஜை விட மெல்லியதாக நான்கு வரை, கணக்கில் வராது என்பதால் அது தப்பிக்கிறது. இரண்டாவது கேபிள் நுழைந்தால் தப்பிக்காது. ஆழமான எண்கோணப் பெட்டிக்கு மாற்றுங்கள்: ஒன்றரை அங்குல ஆழத்தில் 15.5, இரண்டு அங்குலத்துக்குச் சற்று மேல் என்றால் 21.5.

அதே இடத்தில் மின்விசிறி மாட்டப் போகிறீர்கள் என்றால் கணக்கு சரியாக வந்தாலும் போதாது. பெட்டியில் மின்விசிறிக்கு ஏற்றது என்று அச்சிட்டிருக்க வேண்டும். கூரைச் சட்டத்தை எட்ட முடியாவிட்டால் இந்த வேலையை எலக்ட்ரீஷியனிடம் கொடுங்கள்.

## எலக்ட்ரீஷியனைக் கூப்பிடும்போது

"ஸ்விட்ச் வேலை செய்யவில்லை" என்று மட்டும் சொன்னால் வந்து பார்ப்பதற்கே தனிக் கட்டணம் போய்விடும். பிரேக்கரை அணைத்துப் பெட்டியைத் திறந்து மூன்று படம் எடுங்கள்: ஒயர்கள் தெரியும்படி ஒன்று, பின்சுவரில் உள்ள கன அங்குல எண் தெரியும்படி ஒன்று, கேபிள் உறையில் உள்ள எழுத்து தெரியும்படி ஒன்று. பிரேக்கர் எத்தனை ஆம்பியர், உங்கள் கணக்கில் எத்தனை வந்தது என்பதையும் சேர்த்து அனுப்புங்கள். பெட்டியை மட்டும் மாற்ற வேண்டுமா, புதிய கேபிள் இழுக்க வேண்டுமா, அனுமதி வாங்குவது யார் என்பதை அவர் வரும் முன்பே பேசிவிடலாம். புதிய கேபிளுக்குப் பெரும்பாலான ஊர்களில் அனுமதி தேவை. அப்படியானால் ஆய்வாளர் வந்து பார்த்துக் கையெழுத்திடும் வரை ட்ரைவாலை மூடவோ ஸ்விட்சை மாட்டவோ வேண்டாம்.